நெய்வேலியில் எரிமலை இல்லை

நாம் கூடும்போதெல்லாம் அந்தப் பூட்ஸ் கதையை யாராவது ஆரம்பித்துவிடுகிறீர்கள். கல்யாணப் பந்தியில், பள்ளி விழாவில், போன வருடம் நம் புவியியல் சாரைப் பார்க்கப் போனபோது வேனிலும்கூட. சிரிப்புக்காகச் சொல்கிறீர்கள், நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். ஆனால் ஆளுக்கொரு மாதிரி சொல்கிறீர்கள். ஒருவன் சொல்வதில் பூட்ஸ் கிணற்றில் கிடக்கிறது. இன்னொருத்தி சொல்வதில் என் அப்பா என்னை விளக்குமாற்றால் அடிக்கிறார். இரண்டும் நடக்கவில்லை. நடந்ததை ஒருமுறை நானே எழுதி வைத்துவிடுகிறேன்.

ஏன் இப்போது என்று கேட்க மாட்டீர்கள். சில வாரங்களுக்கு முன் ஒரு காலையில் நம் குழுவில், "என் பொண்ணு இருக்குற ஊருல மலை பொகையுதாம்" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போனைக் கீழே வைத்தேன். ஐம்பதை நெருங்கும் ஆள், படித்தவன், ஆபீசில் நாலு பேருக்குப் புத்தி சொல்கிறவன். இருந்தும் அந்த வரியைத் தட்டும்போது எனக்கு வயது பன்னிரண்டுதான்.

அது நாம் ஏழாம் வகுப்பில் இருந்தபோது. மாசி மகத் தேர் நிலைக்கு வந்து, ஆற்று மணல் சுட ஆரம்பித்திருந்த நாட்கள். விருத்தாசலத்தில் நம் பள்ளிக்கூடத்தின் பின்சுவரை ஒட்டியே பீங்கான் கம்பெனி இருந்தது. மண் அரைக்கிற உருளை நாள் முழுக்கக் கடகடவென்று சுற்றிக்கொண்டே இருக்கும். பாடம் நடத்தும் சார்கள் எல்லோருக்கும் அதனாலேயே குரல் பெரிது. ஈர மண்ணும் சூளைக் கரியும் கலந்த ஒரு வாசனை, ஜன்னலுக்கு வெளியே வெள்ளைப் பூச்சு பூசினாற்போல நிற்கும் வேப்பமரம், உடைந்த ஃபியூஸ் கட்டைகளும் மூக்கில்லாத பொம்மைகளும் கொட்டிக் கிடக்கிற மேடு. நமக்கு விளையாட்டுச் சாமான் அந்த மேட்டிலிருந்துதான் வந்தது.

அங்கே கிடைத்ததில் சிறந்தது கோன். ஐஸ் கோன் இல்லை. விரல் நீளத்தில், மூன்று பட்டையாக, மேலே கூராக இருக்கும் மண் கூம்பு. சூளைக்குள் ஒரு சின்னத் துவாரத்துக்கு நேராக நாலைந்தை வரிசையாக நட்டு வைப்பார்கள். சூடு ஏற ஏற முதலில் ஒன்று தலை கவிழும், அப்புறம் அடுத்தது. எது கவிழ்ந்திருக்கிறது என்று துவாரம் வழியாகப் பார்த்துத்தான் சூளைக்காரர் நெருப்பை நிறுத்துவார். கடைசிக் கோன் மட்டும் எப்போதும் கவிழாமல் நிற்கும். சூளை பிரித்ததும் எல்லாவற்றையும் மேட்டில் வீசிவிடுவார்கள். கவிழ்ந்தது நிறையக் கிடைக்கும். நின்றது கிடைத்தால் அதற்குச் சண்டை.

என் அம்மா அந்தக் கம்பெனியில் பொம்மைகளுக்குக் கண் எழுதினாள். அவள் நகக்கண்ணில் எப்போதும் கறுப்பு மை இருக்கும். அப்பா நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. விடிவதற்குள் டூட்டி பஸ் பிடித்துப் போவார். திரும்பி வரும்போது புருவத்தில் சாம்பல், மூக்குத் துவாரத்தில் கறுப்பு, பூட்ஸில் ஒரு கூடை சேறு. அந்தப் பூட்ஸை வீட்டுக்குள் கொண்டுவர அம்மா விடமாட்டாள். கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அது நிற்கும். முழங்கால் வரை வரும் கறுப்பு ரப்பர் பூட்ஸ். மேல் விளிம்பில் வெள்ளைப் பெயின்டில் அப்பாவின் நம்பர்.

சார் எரிமலைப் பாடம் நடத்திய நாள் உங்களுக்கு நினைவிருக்கும். சிவப்புச் சாக்பீஸை அவர் எடுத்தாலே நாம் நிமிர்ந்து உட்காருவோம். பலகையில் ஒரு மலை, அதன் வயிற்றில் நெருப்பு, தலையில் புகை. பூமிக்கடியில் நெருப்பு இருக்கும், மேலே புகை வரும், சாம்பல் விழும், வெளியே வந்த மண் சுற்றிலும் மலையாகக் குவியும் என்றார். அப்புறம் இரண்டு கையையும் விரித்து, "எப்ப வெடிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. பக்கத்துல இருக்குறவன் ஓடறதுக்குக்கூட நேரம் இருக்காது" என்றார்.

நான் மனதுக்குள் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். கடலூர் பஸ்ஸில் போகும்போது நெய்வேலிப் பக்கம் சாம்பல் நிறத்தில் மண்மலைகள் பார்த்திருக்கிறேன். புகை நம் பள்ளிக்கூட மொட்டைமாடியிலிருந்தே தெரியும். சாம்பல் அப்பாவின் புருவத்தில் இருந்தது. நெருப்புக்கும் சாட்சி இருந்தது. முந்தின வாரம்தான் சாப்பிடும்போது அப்பா அம்மாவிடம் சொல்லியிருந்தார். "இன்னிக்கிக் கரி தானாவே பத்திக்கிச்சு. சாயங்காலம் வரைக்கும் பைப்ப புடிச்சுக்கிட்டு நின்னேன்." அம்மா, "சரி, ரசம் ஊத்தட்டா?" என்று கேட்டாள்.

மறுநாள் தேர்வில் ஒரு கேள்வி: இந்தியாவில் எரிமலை உள்ள இடம் எது? நான் நெய்வேலி என்று எழுதினேன். நிச்சயமாகத் தெரிந்த ஒரே விடை அதுதான்.

சார் என் தாளைத் தூக்கிப் பிடித்து வாசித்தார். "நெய்வேலியில எரிமலையா? அப்ப நாம்பல்லாம் எங்கடா உக்காந்திருக்கோம், அடுப்பு மேலயா?" வகுப்பே சிரித்தது. "கிண்டலா பண்ற? ஏறு பெஞ்சு மேல." அவர் கெட்டவர் இல்லை. நான் அவரைக் கேலி செய்வதாகவே நினைத்துவிட்டார். பெஞ்சின் மேல் நின்றால் ஜன்னல் வழியாகக் கிழக்கே அந்தப் புகை நன்றாகத் தெரிந்தது. மணி அடிக்கும் வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். மற்றவர்கள் எழுதியதும் தப்பு. பாதிப் பேர் இமயமலை என்று எழுதியிருந்தீர்கள். அதனால் சார், "திங்கக்கெழம ஒவ்வொருத்தனும் எரிமலை எங்கெங்க இருக்குதுன்னு உலகப் படத்துல தொட்டுக் காட்டணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலைதான் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்திலிருந்து பூட்ஸை எடுத்தேன். பைக்குள் புகவில்லை. அம்மாவின் பழைய புடவையில் சுற்றி, கம்பெனி மேட்டுக்குக் கொண்டுபோய், உடைந்த ஃபியூஸ் கட்டைகளைத் தோண்டிப் புதைத்தேன். பூட்ஸ் இல்லாமல் சுரங்கத்துக்குள் விடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அதற்கு மேல் எதையும் யோசிக்கவில்லை.

விடிகாலையில் அப்பாவின் குரல். "அந்தச் செவல நாயிதான் தூக்கிட்டுப் போயிருக்குது. நேத்தே என் கால மோந்துக்கிட்டு நின்னுச்சு." ஒரு கையில் கம்பு, ஒரு கையில் பிஸ்கோத்து என்று தெருத்தெருவாக நாயைத் தேடினார். கிடைத்த நாய் பிஸ்கோத்தைத் தின்றுவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு அவர் பின்னாலேயே வீடு வரை வந்தது. அப்பா செருப்போடு வேலைக்குப் போய், வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டு, மதியத்துக்குள் வந்துவிட்டார். அடுத்த நாளும் போகவில்லை. சாயங்காலம் மேஸ்திரி சைக்கிளில் வந்து, இறங்காமலே ஒரு காலை ஊன்றி நின்றார்.

"பூட்ஸ நாயி தூக்கிட்டுப் போச்சுன்னா நான் போய் எவன்கிட்டய்யா சொல்றது? ஸ்டோர்ல புதுசு இல்ல. திங்கக்கெழம ஷிப்டுக்கு நீ வரலன்னா, திட்டக்குடியிலேருந்து ஒருத்தன் தெனமும் வந்து நிக்கிறான், அவனப் போட்டுக்குவேன். அப்புறம் என்ன கேக்காத."

"வந்துடறேங்க. எப்பிடியாச்சும் வந்துடறேன்" என்றார் அப்பா. அவர் அப்படிப் பணிந்து பேசி நான் கேட்டதில்லை.

கதவுக்குப் பின்னால் நின்று எனக்கு நானே ஒரு கணக்குப் போட்டேன். பூட்ஸைக் கொடுத்தால் அப்பா போவார், மலை வெடிக்கும். கொடுக்காவிட்டால் வேலை போகும், அப்பா இருப்பார். அப்பா இருந்தால் போதும் என்று விடை வந்தது. ஆனால் அந்த விடையோடு சாப்பிட முடியவில்லை, தூங்க முடியவில்லை. அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "புள்ள எதையோ பாத்துப் பயந்திருக்குது" என்றாள். சனிக்கிழமை என்னை மங்கலம்பேட்டை தர்காவுக்குக் கூட்டிப்போனாள். அங்கே வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் மயிலிறகுக் கட்டால் என் தலையில் மெதுவாகத் தட்டினார். ஊதுபத்திப் புகை வாசனையாக இருந்தது.

"எதப் பாத்துப் பயந்தாரு தம்பி?" என்று அம்மாவைக் கேட்டார்.

"கொளத்துப் பக்கம் எதையோ பாத்திருக்கான் பாய்" என்றாள் அம்மா.

தண்ணீரில் ஓதிக் கொடுத்தார். குடித்தேன். கையில் கறுப்புக் கயிறு கட்டினார்கள். இரண்டு பேருமே அன்பானவர்கள். எதைப் பார்த்துப் பயந்தாய் என்று என்னைக் கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை. இனி நடந்ததில் பாதியை நீங்கள் தப்பாகச் சொல்கிறீர்கள்.

திங்கட்கிழமைக்குப் படிக்க வேண்டும், ஆனால் பாடப்புத்தகத்தில் பசிபிக்கை நடுவில் வைத்துப் போட்டிருந்த உலகப் படம் உள்ளங்கை அளவு. ஜப்பான் ஒரு கொசு மாதிரி இருந்தது. அட்லஸ் சாரின் பீரோவில் பூட்டியிருந்தது. அதனால் நம் வகுப்புத் தலைவி, கோயில் வீதிப் பெண், ஒரு யோசனை செய்தாள். பீங்கான் கம்பெனியில் இன்னும் சூளையில் சுடாத பச்சைச் சாமான்களை வெயிலில் உலர்த்துகிற சிமென்ட் களம் ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடக்கும். அங்கே உலகத்தைப் பெரிதாகப் போட்டுவிடலாம் என்றாள். வாட்ச்மேன், "திங்கக்கெழம காலையில களம் களமா இருக்கணும், ஆமா" என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார். அவள் தேர்க்கோலம் போடுகிறவள். புத்தகப் படத்தின் மேல் பென்சிலால் புள்ளி வைத்தாள். களத்தில் கோலமாவால் அதே புள்ளிகளை அடிக்கொன்றாக வைத்தாள். புள்ளியைப் பார்த்துப் பார்த்து ஆப்பிரிக்காவை இழுத்தாள். உலகத்தை ஒரு கோலமாக அவள் போட்டு முடித்ததை நினைத்தால் இப்போதும் எனக்குக் கர்வமாக இருக்கிறது, ஏதோ நானே போட்டதுபோல.

கோடுகளின் மேல் அடுக்க உடைந்த ஃபியூஸ் கட்டைகள் வேண்டும். எரிமலைகளுக்குக் கோன் வேண்டும். நின்ற கோன் உயிருள்ள எரிமலை, கவிழ்ந்த கோன் அணைந்துபோன எரிமலை. எல்லோரும் கூடை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினீர்கள். எனக்குக் கால் வரவில்லை. நான் ஆஸ்திரேலியாவிலேயே நின்றேன்.

"ஏய்! பொணம்டா! காலு இருக்குதுடா!" என்று கத்தினான் சூளைக்காரர் மகன். கையில் ஒரு பூட்ஸ். பெண்கள் கூச்சலிட்டார்கள். இன்னொருவன் அடுத்த பூட்ஸைப் புடவையோடு இழுத்தான். தட்டியதும் வெள்ளைத் தூசு பறந்தது. எங்கள் தெருப் பெண் ஒருத்தி அந்த நம்பரைப் பார்த்து, "இவங்கப்பாவோடதுதான. நாயி தூக்கிட்டுப் போச்சுன்னாங்களே" என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தீர்கள். நான் ஆஸ்திரேலியாவில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தேன்.

வகுப்புத் தலைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பாவாடையெல்லாம் கோலமாவு. "ஏண்டா ஒளிச்சு வச்ச?" என்றாள்.

அந்த வாரம் முழுவதும் யாரும் கேட்காத கேள்வி. "அது வெடிச்சிடும்" என்றேன்.

"எது?"

"நெய்வேலி. எங்கப்பா உள்ள இருக்கும்போதே வெடிச்சிடும். ஓட நேரம் இருக்காதுன்னு சார் சொன்னாருல்ல."

தேர்வுத்தாளை சார் படித்தபோது சிரித்த அதே இருபது, முப்பது பேர்தான் அங்கே இருந்தீர்கள். அன்று ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. நம் கூட்டங்களில் கதையின் இந்த இடத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறீர்கள். எனக்கு இதுதான் முக்கியம்.

அவள் எழுந்து பாவாடையைத் தட்டினாள். "சரி, சாரு கெடக்குறாரு. இவனுக்குக் காட்டுவோம். ஒவ்வொருத்தரும் ஒரு எரிமலையில போயி நில்லுங்க."

அப்புறம் ஒரே ரகளை. ஜப்பானுக்கு மூன்று பேர் அடித்துக்கொண்டார்கள். "அங்க நெறைய இருக்குது, மூணு பேரும் நில்லுங்க" என்று தீர்ப்பாயிற்று. இந்தோனேசியாவுக்கு ஆள் போதவில்லை. சாமான் தூக்க வந்த தம்பி தங்கைகளையெல்லாம் அங்கே அடைத்தாள். ஹவாய்க்குப் போனவன், "நடுக் கடல்லயா நிக்கச் சொல்ற?" என்று கேட்டான். "அது கடலுக்குள்ளேருந்து மொளச்சது. நில்லுடா." அலாஸ்காவில் ஒருத்தி, அவளுக்குக் கீழே அமெரிக்காவின் ஓரமாகவே வரிசையாக சிலி வரைக்கும். இத்தாலியில் ஒருவன், ஐஸ்லாந்தில் ஒருவன், ஆப்பிரிக்காவின் கிழக்கே இரண்டு பேர். பிலிப்பைன்ஸில் மங்கலம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் பாய் வீட்டுப் பெண், தலையில் போட்ட துப்பட்டாவை வெயிலுக்குக் குடையாக இழுத்துப் பிடித்துக்கொண்டு. எல்லோர் காலடியிலும் ஒரு நின்ற கோன். செங்கல் துண்டால் வகுப்புத் தலைவி அவர்களை இணைத்துச் சிவப்புக் கோடு இழுத்துக்கொண்டே போனாள். கோடு பசிபிக் பெருங்கடலைச் சுற்றி ஒரு பெரிய வளையமாக வந்து சேர்ந்தது.

"இப்ப நீ விருத்தாசலத்துல போயி நில்லு" என்றாள் என்னிடம். நின்றேன். "சுத்திப் பாரு. ஒன் பக்கத்துல யாராச்சும் நிக்கிறாங்களா?"

பார்த்தேன். தூரத்தில் கடலோரமெல்லாம் நீங்கள் நின்றீர்கள். என்னைச் சுற்றி வெறும் களம்.

"நான் இருக்கேன்!" என்று ஒரு குரல். வங்காள விரிகுடாவில் வகுப்பிலேயே குள்ளமானவன் கையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"அவன் அந்தமான். நம்ம நாட்டுல எரியிறது அது ஒண்ணுதான். நடுவுல எவ்ளோ கடலு கெடக்குது பாரு."

எனக்குப் பயம் பாதிதான் அடங்கியது. "அப்ப நெய்வேலியில பொகை வருதே?" என்றேன்.

புத்தகத்தைப் புரட்டினாள். அதில் நெய்வேலி இல்லை. அவள் முகம் சுருங்கியதை முதன்முதலாகப் பார்த்தேன். அப்போது சிலியில் நின்ற சூளைக்காரர் மகன், பரீட்சையில் ஒருநாளும் தேறாதவன், அங்கிருந்தே கத்தினான்.

"எங்க சூளையிலயும்தான் பொகை வருது. எங்கப்பா கரி போடலன்னா சூளை செத்துப்பூடும். எரிமலைக்கு எவன்டா கரி போடுறான்? நெய்வேலியில கரண்டு எடுக்க ஆளு கரி போட்டாதான எரியிது?"

"எங்கப்பா தானாவே பத்திக்கிச்சுன்னாரே."

"பத்திக்கிச்சு. அப்புறம் என்னா ஆச்சு?"

"தண்ணி அடிச்சாரு. அணைஞ்சிருச்சு."

"எரிமலையத் தண்ணி ஊத்தி அணைப்பாங்களாடா? கடலுக்குள்ளயே எரியிறான் பாரு அவன்" என்று ஹவாயைக் காட்டினான். "இத அணைச்சது யாரு? ஒங்கப்பாதான? அவரப் போயி வூட்ல ஒக்கார வச்சிட்டியே. இப்ப பத்திக்கிச்சுன்னா யாரு பைப்பப் புடிக்கிறது?"

உலகமெங்கும் இருந்து நீங்கள் கைதட்டினீர்கள். நான் பூட்ஸைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பயம் போய் அதே இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்திருந்தது. என் அப்பா எரிமலைக்குள் இருப்பவர் இல்லை. நெருப்பை நிறுத்துகிறவர்.

அப்பா வாசலில் உட்கார்ந்து ஒரு கிழிந்த சைக்கிள் டியூபைச் செருப்பின் மேல் வைத்து ஏதோ தைத்துக்கொண்டிருந்தார். பூட்ஸை அவர் முன்னால் வைத்து, "நாயி இல்லப்பா" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை.

"அப்ப அந்த நாயிக்கு நான் அநியாயமா பிஸ்கோத்து வேற போட்டேன்" என்றார். பூட்ஸைக் கவிழ்த்து ஃபியூஸ் துண்டுகளைக் கொட்டினார். காலை உள்ளே விட்டு எழுந்து நின்றார். "வா, போட்டுப் பாத்துக்கிட்டே வரேன். அந்த ஒலகத்தக் காட்டு."

நாங்கள் போனபோது நீங்கள் இன்னும் அங்கேதான் இருந்தீர்கள். அப்பா களத்தின் ஓரத்தில் நின்று, வகுப்புத் தலைவியிடம், "உள்ள வரலாமாம்மா?" என்று கேட்டார்.

"வாங்க மாமா. கோன மட்டும் மெதிச்சிடாதீங்க."

முழங்கால் உயரப் பூட்ஸோடு அவர் உலகத்துக்குள் வந்தார். குதிகாலைத் தூக்கி, விரல் நுனியை ஊன்றி, இந்தோனேசியத் தீவுகளுக்கு நடுவே ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தார். அவ்வளவு கனமான பூட்ஸில் ஒருவர் அவ்வளவு மெதுவாக நடந்து நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. ஒரு கோனும் சாயவில்லை. நெய்வேலி எது என்று கேட்டார். விருத்தாசலம் என்று வைத்திருந்த ஃபியூஸ் துண்டுக்கு ஒட்டினாற்போல அவள் விரலால் தொட்டுக் காட்டினாள். அவர் அங்கே நின்று சுற்றும் முற்றும் பார்த்தார்.

"ஏம்மா, இவ்ளோ எடத்துலயும் இருக்குதே. அங்கெல்லாம் சனங்க இருக்காங்களா?"

"இருக்காங்க மாமா. வூடு கட்டி, பயிர் வச்சி, எல்லாரும் இருக்காங்க."

"அவங்க வேலைக்குப் போவும்போது அவங்க புள்ளைங்களும் பூட்ஸ ஒளிச்சு வைக்குமா?"

"அது புஸ்தகத்துல இல்ல மாமா" என்றாள் அவள். எல்லோரும் சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறார். அது எனக்கு இப்போதுதான் புரிகிறது.

திங்கட்கிழமை விடியுமுன் அப்பா டூட்டி பஸ்ஸில் போனார். பச்சைச் சாமான் களத்துக்கு வரும் முன்பே நாம் சாரைக் கூட்டி வந்து காட்டினோம். சார் கோடுகளின் ஓரமாகவே நடந்து பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "ஒவ்வொண்ணாச் சொல்லு" என்றார். அலாஸ்காவில் ஆரம்பித்து ஒரு சுற்று சுற்றி வந்தேன். "இந்தியாவுல?" என்றார். அந்தமானைக் காட்டினேன். "நெய்வேலியில?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"அங்க எரிமலை இல்ல சார். எங்கப்பாதான் இருக்காரு."

நான் மறுபடி கிண்டல் செய்கிறேனோ என்று அவர் முகம் ஒரு கணம் மாறியது. அப்புறம் என் முதுகில் தட்டினார். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. போன வருடம் போனபோது சொல்லலாம் என்று நினைத்தேன். அவருக்குக் காது கேட்கவில்லை.

வாட்ச்மேன் தென்னந்துடைப்பத்தால் உலகத்தைக் கூட்டித் தள்ளினார். நின்ற கோன் ஒன்றை எடுத்து வைத்திருந்தேன். வீடு மாறியபோது எங்கேயோ தொலைந்தது. அப்பாவும் போய் வெகுநாளாகிறது. சுரங்கம் அவரை ஒன்றும் செய்யவில்லை. கட்டிலில், தூக்கத்தில் போனார்.

இனி இந்த வருடக் கதை. என் மகள் டாக்டருக்குப் படிக்கிறாள், பிலிப்பைன்ஸில். இடம் கிடைத்த அன்றே எனக்குச் செங்கல் கோடு கண்ணில் வந்தது. வெளியில் சொல்லவில்லை. அந்தக் காலையில் அவள் வீடியோவில் வந்தபோது முகக்கவசம் போட்டிருந்தாள். பின்னால் ஜன்னல் முழுக்கச் சாம்பல். அவள் ஏதோ சொன்னாள், நான் அவள் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் அதே புருவம், அதன்மேல் அதே சாம்பல்.

குழுவில் நான் போட்ட வரிக்கு எல்லோரும் கைகூப்பும் படம் அனுப்பினீர்கள். மங்கலம்பேட்டைத் தோழி மட்டும் பேசி அனுப்பியிருந்தாள். "பிலிப்பைன்ஸா? அது நான் நின்ன எடம்டா. அந்த வெயில்ல மத்தியானம் வரைக்கும் நின்னேன், எனக்கு ஒண்ணும் ஆவல. ஒம் பொண்ணுக்கும் ஆவாது." அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். என் மனைவி யாரது என்று கேட்கும் அளவுக்கு.

கல்லூரியை மூடியதால் மகள் வீட்டுக்கு வந்தாள். மறுபடி திறப்பதாகத் தகவல் வந்ததும் பெட்டி கட்ட ஆரம்பித்தாள். அப்போதுதான் பாஸ்போர்ட்டைக் காணோம். வீடு முழுக்கத் தேடினார்கள். நானும் தேடினேன், மும்முரமாக. கடைசியில் என் மனைவி அரிசி டிரம்மைத் திறந்து கையை விட்டாள்.

"அரிசியில வண்டு வராம இருக்கவா இத வச்சீங்க?" என்றாள். எடுத்து என் கையிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மகள் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். கோபப்படவில்லை. கையை நீட்டி, "அப்பா, பூட்ஸ குடுங்க" என்றாள்.

சிறுவயதில் நான்தான் அவளுக்கு அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். "நெய்வேலி மாதிரி இல்லம்மா. அங்க நெஜமாவே இருக்குது" என்றேன்.

"இருக்குதுப்பா. இல்லன்னு நான் சொன்னேனா? அது எப்படி இருக்குதுன்னு ராவும் பகலும் பாத்துச் சொல்றதுக்கு ஆளு இருக்காங்க. கெளம்புன்னா கெளம்பிடுவோம். ஆஸ்பத்திரியில மூச்சுத் திணறிக்கிட்டு வந்தவங்களுக்கு நாங்கதான் மாஸ்க் புடிச்சோம். இப்ப நான் வூட்ல ஒக்காந்துட்டா யாரு புடிக்கிறது?"

சூளைக்காரர் மகனே, நீ சிலியில் நின்று கத்தியதை அவள் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள்.

என்னிடம் கேட்க ஒன்றுதான் மிச்சம் இருந்தது. "அந்த ஊரு புள்ளைங்கல்லாம்... பயப்படுதுங்களா? அப்பா அம்மாவ வேலைக்குப் போவாதன்னு சொல்லுதுங்களா?"

யோசித்தாள். "எங்க ஹாஸ்டல் சமையல்கார அம்மாவோட பையன் சின்னவன்தான். அவங்கம்மாவ அவன் தடுக்கல. தொடப்பத்த எடுத்துக்கிட்டு அவங்க பின்னாலயே வந்துட்டான். கூரையில சாம்பல் சேந்தா பாரம் தாங்காதுல்ல, பெரியவங்க மேல ஏறித் தள்ளிவிடுவாங்க. தெருப் புள்ளைங்கல்லாம் அதான் செஞ்சுதுங்க, கீழ நின்னு கூட்டிக்கிட்டு."

அப்பா, நீங்கள் கேட்டதற்கு விடை கிடைத்துவிட்டது. ஒளித்து வைக்க மாட்டார்களாம். துடைப்பத்தோடு பின்னால் வருவார்களாம்.

பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த அரிசியை ஊதிவிட்டு அவள் கையில் வைத்தேன். நேற்று சென்னை விமான நிலையத்தில் வழியனுப்பினோம். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரே கூட்டம். தரையில் பெட்டிகள், படுத்துக் கிடக்கும் குழந்தைகள், குறுக்கும் நெடுக்கும் தள்ளுவண்டிகள். தோளில் பெரிய பையோடு என் மகள் குதிகாலைத் தூக்கி, விரல் நுனியை ஊன்றி, எவர் மேலும் படாமல் ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்துப் போனாள். கண்ணிலிருந்து மறையும் வரை நின்று பார்த்தேன். ஒரு கோனும் சாயவில்லை.